எங்கள் குழாய் பேசிய இரண்டாம் மொழி

ஒலிபெருக்கியை வாடகைக்கு விடுபவர்கள், ஊரில் உள்ள ஒவ்வொருவருடைய கோபத்தையும் தம் கையாலேயே பெரிதாக்கிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் அதே ஊரில் முகம் காட்ட வேண்டியவர்கள். கடை வைத்து, வருகிறவர் போகிறவருடைய கொள்கைகளையெல்லாம் நாற்காலி போட்டுக் கேட்டுத் தீர்த்த அன்பர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சில செய்திகளை முதலிலேயே வரிசைப்படுத்திச் சொல்லிவிடுகிறேன். வரிசை தவறினால் எனக்குப் பேச்சு வராது.

முதலாவது, ஊர். எங்கள் திருத்தணி ஒரு காலத்தில் ஆந்திரத்தின் பக்கம் இருந்தது. பிறகு எல்லைக்கோடு எங்களைத் தாண்டி வடக்கே நகர்ந்தது. கோடு நகர்ந்ததே தவிர மக்கள் நகரவில்லை. ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, மூன்றாம் வீட்டில் இரண்டும் என்று முன்போலவே பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது, குடும்பம். என் கணவர் அம்மையார்குப்பத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை, வீட்டுமொழி தெலுங்கு. தறியில் உட்காரப் பொறுமை இல்லாமல் மைக் செட் கடை வைத்தவர். நான் தமிழ் இலக்கணத்தை முறையாகப் பயின்று புலவர் பட்டம் பெற்றவள். ஆசிரியப் பணி கிடைக்கவில்லை, கடையில் அமர்ந்தேன். மரத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டுவது அவர் வேலை. வாடகைப் பதிவு எழுதுவதும், தேவையான இடங்களில் அறிவிப்புச் செய்வதும் என் வேலை.

மூன்றாவது, ஆடிக் கிருத்திகை. மலையடிவாரத்தில் காவடிக் கூட்டத்துக்காகப் போடப்படும் தகவல் பந்தலுக்கு அந்நாளில் எங்கள் செட்தான். ஆந்திரத்துப் புத்தூர், நகரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பாதிப்பேர். ஆகவே காணாமற்போனவர்களைப் பற்றிய அறிவிப்பை நான் முதலில் தமிழிலும் பிறகு தெலுங்கிலும் சொல்வேன். தெலுங்கை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் மாமியார்.

நான்காவது, வேங்கைமாறன். அவர் எழுபதுகளில் பல ஆண்டுகள் எங்கள் கடைக்கு வந்து போனார், பலவற்றைப் பேசினார், ஆனால் கேட்டது ஒன்றே ஒன்று. எங்கள் குழாயில் தெலுங்கு ஒலிக்கக் கூடாது.

பழைய மாணவர், புதிய பெயர்

புலவர் வகுப்பில் என்னோடு படித்தபோது அவர் பெயர் முனிரத்தினம். ஊர் மணவூர். திருத்தணியில் ஓர் அரிசி மண்டியில் வேலை. காலை இரயிலில் வந்து மாலை இரயிலில் திரும்புவார். யாப்பிலக்கணத்தில் என்னைவிட வல்லவர். அதை நான் மறுத்ததில்லை. படிப்பு முடிந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு கருஞ்சட்டையும் அல்லாத, வெண்சட்டையும் அல்லாத ஒரு பழுப்பு நிறச் சட்டையில் எங்கள் கடைக்கு வந்தார். "முனிரத்தினம் இறந்துவிட்டான், அம்மையீர். நான் வேங்கைமாறன்" என்றார். தாம் ஓர் அணி தொடங்கியிருப்பதாகவும், தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத எவரும் இந்த எல்லைக்குள் இருக்கக் கூடாது என்பதே அதன் முதலும் முடிவுமான கொள்கை என்றும் தெரிவித்தார். முதல் கூட்டத்துக்கு மைக் செட் வேண்டும் என்றார்.

உள்ளே என் கணவர் பழுதான குழாயொன்றைப் பிரித்துவைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரோடு தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். வேங்கைமாறன் அதைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, உண்மையான வருத்தத்தோடு என்னிடம் சொன்னார்: "நீங்கள் இந்த வீட்டுக்கு வாழ வந்தது ஓர் இலக்கணப் பிழை, அம்மையீர். திருத்திக்கொள்ளலாம், காலம் இருக்கிறது." நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து என் கணவரின் குரல் வந்தது.

"திருத்தறது இருக்கட்டும் சார். அதுக்கு மின்ன ஒரு டீ சாப்ட்டு போங்க."

சோதனை ஓட்டம்

அவருக்குச் செட் தரக் கூடாது என்று நான் அன்றே சொன்னேன். என் கணவர் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் இன்று ஒரு கட்சி, நாளை எதிர்க்கட்சி, மறுநாள் மஞ்சள் நீராட்டு. யாருக்கும் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது அவர் கடைப்பிடித்த ஒரே நெறி. "நான் கொழா கட்டறவன் மே. அது இன்னா பேசுதுன்னு கேக்கறது என் வேல இல்ல" என்று முடித்துவிட்டார்.

கூட்டம் பேருந்து நிலையத்தை ஒட்டிய திடலில். மாலையில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். மேடையில் பழுப்புச் சட்டைகள் விறைப்பாக நின்றன. பேச்சாளர் வருவதற்கு முன் மைக்கைச் சோதிக்க வேண்டும் அல்லவா? என் கணவர் மேடையேறி, மைக்கின் தலையில் விரலால் தட்டி, தம் வாழ்நாளில் எல்லா மேடைகளிலும் எப்படிச் சோதித்தாரோ அப்படியே சோதித்தார். தெலுங்கரை வெளியேற்றுவதற்காகக் கூடிய அந்தக் கூட்டத்தின் முதல் முழக்கமாக, நான்கு குழாய்களிலும் ஊர் அதிர எழுந்தது, "ஒகட்டி... ரெண்டு... ஒகட்டி... ரெண்டு..." என்ற தெலுங்கு எண்ணிக்கை. திடல் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர்கூட வெளியே வந்து பார்த்தார். அதன் பிறகு வேங்கைமாறன் ஒன்றரை மணி நேரம் பேசினார். கொள்கைக்காக உயிரையும் தருவேன் என்றார். பேச்சு நன்றாகவே இருந்தது. எதுகை ஓரிடத்திலும் பிசகவில்லை. ஆனால் கூட்டம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது அந்த முதல் முழக்கத்தைத்தான்.

கூட்டம் முடிந்ததும் பழுப்புச் சட்டைக்காரர்கள் என் கணவரை வளைத்துக்கொண்டு, வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்டார்கள். அவருக்கு என்ன குற்றம் என்றே புரியவில்லை.

"செட்டு எனக்கு பழகின செட்டு சார். அதுக்கு தெரிஞ்ச பாசைல தான டெஸ்ட்டு பண்ணணும்?"

கொய்யாப்பழம்

வேங்கைமாறன் முரடர் அல்லர். இதை நான் தெளிவாகச் சொல்ல வேண்டும்; இல்லையென்றால் அவரை உங்களுக்குத் தெரியாது. எனக்கு மஞ்சள் காமாலை கண்டு எழுந்த வாரத்தில், மணவூர்த் தோட்டத்திலிருந்து ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்தார். தாமே கழுவி, தாமே ஒவ்வொன்றாக நறுக்கி என் முன்னால் வைத்தபடியே, தம் திட்டத்தை விளக்கினார். எல்லை வட்டாரத்தில் வீடுவீடாகக் கணக்கெடுக்க வேண்டும். தமிழ் அல்லாத வீடுகளுக்குப் பொங்கல்வரை தவணை தர வேண்டும். போகாதவர்களுக்கு அரிசி, எண்ணெய், தண்ணீர் எதுவும் எவரும் தரக் கூடாது. அதற்கும் மசியாதவர்களுக்கு நெருப்பு என்று ஒன்று இருக்கிறது. இத்தனையையும் அவர் குரலை உயர்த்தாமல், பழத்தின் விதையை ஒதுக்கிக்கொண்டே சொன்னார்.

நான் வரிசையாகக் கேட்டேன். தெலுங்கு வீடுகள் நிறைந்த நம் ஊர் நெசவாளர் தெரு காலியானால் தறியில் யார் உட்காருவார்? "தமிழர்கள் பழகிக்கொள்வார்கள்." என் கணவர் எங்கே போவார்? "அவருக்கு விலக்கு உண்டு, உங்களுக்காக." என் மாமியார்? "வயதானவர், பரிசீலிக்கலாம்." என் மகள்? என்னிடம் தமிழும் தகப்பனிடம் தெலுங்கும் பேசுகிறவள், அவளை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்? கத்தி பழத்தின் நடுவில் நின்றது. எங்கள் வகுப்பில் ஆசிரியரின் எந்தக் கேள்விக்கும் அவர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. பிறகு புன்னகையோடு சொன்னார்:

"கணக்கெடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம், அம்மையீர். நீங்கள் பழத்தைச் சாப்பிடுங்கள்."

குழாயின் வாய்

அடுத்த கூட்டத்துக்கு அவர் ஒரு நிபந்தனையோடு வந்தார். நான்கு குழாய்களும் நெசவாளர் தெருவைப் பார்த்தே இருக்க வேண்டும். வழக்கமாகத் திசைக்கொன்றாகக் கட்டுவோம். அப்போதுதான் திடலில் இருப்பவர்களுக்கும் கேட்கும், வழிப்போக்கர்களுக்கும் கேட்கும். "இந்த முறை பேச்சு திடலுக்கு அல்ல, அவர்களுக்கு. ஒவ்வொரு சொல்லும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் விழ வேண்டும்" என்றார். என் கணவர், "எதிர்ல குந்திகினு இருக்கறவங்களுக்கு கேக்காது சார்" என்று ஒரு முறை எச்சரித்தார். தொழில் தெரிந்தவர் ஒரு முறை சொல்வார்; இரண்டாம் முறை சொல்வது வாடிக்கையாளரின் செலவில் பாடம் நடத்துவதாகும். சொன்னபடியே கட்டினார்.

அன்று வேங்கைமாறன் கையை ஓங்கினார், நரம்பு புடைக்க முழங்கினார். திடலில் இருந்தவர்கள் அவர் வாயசைவைத்தான் கண்டார்கள். முதலில் பின்வரிசை எழுந்தது, பிறகு நடுவரிசை. கடைசியில் முன்வரிசையில் பழுப்புச் சட்டைகளும் ஒரு கடலை வண்டியும் மட்டும் எஞ்சின. திடல் கேட்காவிட்டால் என்ன, நெருப்பைப் பற்றி அவர் பேசியதை அந்தத் தெருவில் குழந்தைகள் கேட்டிருப்பார்களே என்று எனக்குக் கவலை. காலையில் முதல் வேலையாக அங்கே போனேன். விசைத்தறிகள் வழக்கம்போல் இடிபோல ஓடிக்கொண்டிருந்தன. அறிந்த ஒரு வீட்டுக்காரரிடம் தயங்கித் தயங்கி விசாரித்தேன். அவர் தறியை நிறுத்தாமலே, காதருகே கையை வைத்து, என் கேள்வியை இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டு பதில் சொன்னார்.

"நேத்து எதனா மீட்டிங்கா மா? அர்ஜென்ட் ஆர்டரு, விடிய விடிய தறி ஓடிக்கினு இருந்திச்சி. ஒண்ணும் காதுல உழல."

ஒரே ஆசிரியரின் இரண்டு மாணவர்கள்

அந்தத் தோல்விக்குப் பிறகு அவருடைய கொள்கை முழுவதும் எங்கள் கடையின்மேல் வந்து இறங்கியது. ஆடி மாதம் பிறந்ததும் இரண்டு பழுப்புச் சட்டைகளோடு வந்து, நாற்காலியில் அமராமல் நின்றபடியே பேசினார். கிருத்திகைப் பந்தலில் தெலுங்கு அறிவிப்பு கூடாது. "நாம் இருவரும் ஒரே ஆசிரியரிடம் இலக்கணம் கற்றோம். தமிழின் பாதுகாவலராக நிற்க வேண்டிய நீங்கள், தமிழ் மண்ணில் குழாய் கட்டித் தெலுங்கு பேசுகிறீர்கள். அவருக்கு இது தெரிந்தால் என்ன சொல்வார்?"

"இலக்கணம் சொல்லைத் திருத்தச் சொல்லிற்று, ஆளைத் துரத்தச் சொல்லவில்லை" என்றேன். "என் தமிழில் ஒரு பிழை காட்டுங்கள், இந்த நொடியே திருத்திக்கொள்கிறேன். என் தெலுங்கில் பிழை காட்டுவதற்கு என் மாமியார் இருக்கிறார். மூன்றாவது ஒருவரிடம் அனுமதி வாங்கிப் பேசும் வழக்கம் எனக்கு இல்லை." அவர் முகத்தில் நான் அதுவரை காணாத ஒன்று தெரிந்தது. மேடைத் தமிழ் உதிர்ந்து, மணவூர்த் தமிழ் வெளியே வந்தது.

"கிருத்திகை அன்னிக்கு வரேன் மா. அப்ப பேசு, எப்டி பேசறன்னு பாக்கறேன்."

கீச்சுச் சத்தம்

அதற்கிடையில் அவர் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார், எங்கள் செட்டை எவரும் எடுக்கக் கூடாது என்று. இரண்டு திருமணங்கள் கைநழுவின. ஒரு காதுகுத்தலும் போயிற்று. என் கணவர் குழாய்களுக்குப் புதிதாக வெள்ளிச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். வேலை இல்லாதபோது அவர் சாயம் பூசுவார்.

அப்போதுதான் கே.ஜி.கண்டிகையிலிருந்து ஏழுமலை வந்தார். விவசாயக் கூலி, பெரிய மகளுக்கு மஞ்சள் நீராட்டு. கடைக்குள் நுழையாமல் வாசலில் நின்று இப்படியும் அப்படியும் பார்த்தார். "அந்த பழுப்புச் சட்டைக்காரு உங்கள்து எடுக்கக் கூடாதுன்னாரு. தமிழ்ப் பற்று இல்லியான்னு கேட்டாரு. சரின்னு அவரு சொன்ன ஆள போய்ப் பாத்தேன்" என்றவர் மிகுந்த மனவேதனையோடு தொடர்ந்தார்.

"அந்த செட்டுல பொண்ணு பேர சொன்னா கீச்சுனு கத்துது மா. பற்றுலாம் அப்பால வச்சிக்கலாம், நீங்களே வந்துடுங்க."

ஃபியூஸ் கட்டை

ஆடிக் கிருத்திகை வந்தது. பொழுது விடிந்ததிலிருந்து மஞ்சள் ஆடையும் மலர்க் காவடியுமாகச் சரவணப் பொய்கையைச் சுற்றி மனிதத் தலையன்றி வேறு தெரியவில்லை. முற்பகலில், யாரோ மார்பில் அடித்துக்கொண்டு அழுதபடி பந்தலுக்குள் வந்தார்கள். ஏழுமலையின் மனைவி பச்சையம்மாள்! இளைய மகள் அமுலு, நான்கு வயதுக் குழந்தை, பொய்கைக் கரையில் கையை விட்டுப் போய்விட்டாள். மஞ்சள் கவுன். ஏழுமலை தண்ணீர்ப் பக்கம் தேட ஓடியிருந்தார். நான் தமிழில் அறிவித்தேன். மறுபடி அறிவித்தேன். யாரும் வரவில்லை. தண்ணீர் என்ற சொல்லை அந்தப் பந்தலில் எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லார் மனத்திலும் அது ஒன்றே இருந்தது.

தெலுங்கில் தொடங்கினேன். முதல் வாக்கியம் முடியவில்லை, குழாய் செத்தது. திரும்பினேன். மின்பலகையின் அருகே வேங்கைமாறன் நின்றார். ஃபியூஸ் கட்டையை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். என் கணவர் தொலைவில் ஒரு புளியமரத்தின்மேல், சாய்ந்துபோன குழாயை நிமிர்த்திக்கொண்டிருந்தார். பந்தலில் நாங்கள் பெண்களும், அவரும், அந்த இரண்டு பழுப்புச் சட்டைகளும்தாம். "தமிழில் மட்டும் சொல்வதாக ஒப்புக்கொள்ளுங்கள், கட்டையைத் தருகிறேன். குழந்தை தமிழ்க் குழந்தை. தமிழில் அழைத்தால் அது வரும்" என்றார். அவர் நம்பித்தான் சொன்னார். அதுதான் அவரிடம் எனக்குப் பொறுக்க முடியாமற்போனது. ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றேன். அதற்குமேல் நான் சொல்ல நினைத்ததையெல்லாம் எனக்கு முன் பச்சையம்மாள் சொல்லிவிட்டாள், அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டு.

"அது நாலு வயசு கொழந்த யா! அதுவா கேட்டுகினு வரப் போவுது? அத்த தூக்கி வச்சிகினு கீறவங்க கேக்கணும் யா! அவங்க எந்த ஊரோ, இன்னா பாசையோ!"

குழாய் இல்லாத குரல்

பந்தலை விட்டு இறங்கினேன். பச்சையம்மாள் என் பின்னால். வாழ்நாளில் தெருவில் குரல் உயர்த்தியவள் அல்லள் நான். வீட்டில்கூட முழு வாக்கியமாகத்தான் பேசுவேன். அன்று பொய்கையை நோக்கிக் கூவிக்கொண்டே நடந்தேன், தெலுங்கில்: மஞ்சள் கவுன், நான்கு வயது, அமுலு, பெண் குழந்தை, பார்த்தவர்கள் பந்தலுக்கு வாருங்கள். என் குரல் பத்தடி தாண்டவில்லை. ஆனால் அந்தப் பத்தடிக்குள் நகரிக்காரர் ஒருவர் இருந்தார். அவர் காவடியைத் தோளில் மாற்றிக்கொண்டு அதையே தம் தொண்டையில் வாங்கி அப்பால் வீசினார். அங்கிருந்து இன்னொருவர். அரோகராவுக்கும் அரோகராவுக்கும் நடுவில் "பசுப்பு கௌனு, அமுலு, அமுலு" என்று அந்த மஞ்சள் கவுன் செய்தி பொய்கையைச் சுற்றிக்கொண்டு ஓடுவதை நான் நின்ற இடத்திலிருந்தே கேட்டேன். எங்கள் நான்கு குழாய்களும் சேர்ந்து அவ்வளவு தொலைவு பேசியதில்லை.

செய்தி பொய்கையில் நிற்காமல் ஆந்திரப் பேருந்துகள் நின்ற திடல்வரை போயிருக்கிறது. அங்கிருந்து மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு பெரியவரும் அவர் மனைவியும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்கள். அவர் தோளில் பொரி தின்றபடி அமுலு. பச்சையம்மாள் குழந்தையைப் பறித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தமிழில் இத்தனை முறை அழைத்தோமே, கேட்கவில்லையா என்று நான் பெரியவரைத் தெலுங்கில் கேட்டேன். தமிழ் தங்களுக்குத் தெரியாது, ஏதோ பேருந்து நேரம் சொல்கிறார்கள் என்று எண்ணியதாகச் சொன்னார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தம் பக்கத்துப் பேருந்துகளில் ஒவ்வொன்றாக ஏறி, இவளுக்கு உரியவர் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்களாம். புத்தூர் வண்டி புறப்படவிருந்தது; அதில் ஏறிப் போய் அங்கே விசாரிப்பதாக இருந்தார்கள். ஏன் ஆந்திரப் பேருந்துகளில் தேடினீர்கள் என்று கேட்டேன். பெரியவர் நான் ஏதோ அறியாப் பிள்ளை என்பது போல் என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் தமிழ் வீட்டுப் பிள்ளையும் தகப்பனை அப்படித்தான் அழைக்கும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் தெலுங்கில் சொன்னதன் தமிழ் இது:

"நைனா, நைனான்னு அழுதிச்சி மா. நம்ம பிள்ளதான்னு தூக்கிகினோம்."

திருத்தம்

பெரியவரையும் அவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு நாங்கள் பந்தலுக்குத் திரும்பியபோது குழாய் பேசிக்கொண்டிருந்தது. மரத்திலிருந்து இறங்கிய என் கணவர், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டிப் பலகையில் செருகி மின்சாரத்தை மீட்டு, தாமே மைக் முன் அமர்ந்து, பிழை மலிந்த தமிழிலும் பிழையே இல்லாத தெலுங்கிலும் அமுலுவை அழைத்துக்கொண்டிருந்தார். வேங்கைமாறன் ஓரமாக நின்றார், போகவில்லை. அவரும் குழந்தைக்காகத்தான் நின்றார் என்று நான் இன்றும் எண்ணுகிறேன். அந்த நேரம் பார்த்து, முழங்கால்வரை நனைந்த வேட்டியோடு ஏழுமலை ஓடிவந்தார். அமுலு தாயின் இடுப்பிலிருந்து இரு கைகளையும் நீட்டி, பந்தல் முழுவதும் கேட்க, "நைனா!" என்றாள்.

பெரியவர், தெலுங்குப் பிள்ளை என்ற தம் ஊகம் சரியென்று மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார். வேங்கைமாறனின் முகம் சிவந்தது. வேறு எவராக இருந்தாலும் அந்த இடத்தில் மெல்ல நழுவியிருப்பார். அவர் நழுவவில்லை, ஏழுமலையை நெருங்கி, முதலில் அந்தக் குழந்தைக்கு 'அப்பா' என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள் என்றார். ஏழுமலைக்கு எதுவும் விளங்கவில்லை. பச்சையம்மாளுக்கு விளங்கிற்று.

"நீ மொதல்ல அந்த பீஸ் கட்டைய எடுத்து வை யா. அப்பால எம்பொண்ணுக்குப் பாடம் எடு."

இருக்கிறது, இல்லை

மார்கழியில் வேங்கைமாறன் மீண்டும் கடைக்கு வந்தார். ஒன்றும் நடக்காதது போல் என் உடல்நலம் விசாரித்தார். வரலாறு என்னை மன்னிக்காது என்றார். "வரலாற்றுக்கு என் முகவரி தெரியும், கேட்க வேண்டியதை அது நேரில் வந்து கேட்கட்டும்" என்றேன். பிறகு, தை மாதக் கூட்டத்துக்குச் செட் வேண்டும் என்று என் கணவர் பக்கம் திரும்பினார். யாருக்கும் இல்லை என்று சொல்லாதவர் அவர். எத்தனையோ முறை அதற்காகவே எங்களுக்குள் வாக்குவாதம் நடந்திருக்கிறது. அவர் துடைத்துக்கொண்டிருந்த குழாயைக் கீழே வைக்காமலே, "கொழா இல்ல சார்" என்றார். வேங்கைமாறன் தலைக்குமேல் வரிசையாகத் தொங்கிய வெள்ளிக் குழாய்களை அண்ணாந்து பார்த்தார். "இதோ இருக்கிறதே?"

"ஆங், கீது சார். இல்ல."

இனி, பிறகு நடந்த செய்திகள். கிருத்திகைப் பந்தலில் எங்கள் செட் இருந்தவரை இரண்டு மொழியிலும் அறிவிப்பு நடந்தது; ஓர் ஆண்டுகூட நிறுத்தவில்லை. நெசவாளர் தெருவிலிருந்து எவரும் வெளியேறவில்லை. பொங்கல்கள் வந்து போயின. அமுலு பள்ளியில் சேர்ந்தாள். தமிழில் நல்ல மதிப்பெண். தகப்பனை இன்னும் நைனா என்றே அழைக்கிறாள். மொட்டைத் தலைப் பெரியவர் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் காவடி எடுத்து வந்தார். வரும்போதெல்லாம் ஏழுமலை வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டார். இரு வீட்டாரும் கையாலும் தலையாலும் பேசிக்கொண்டார்கள். என் மகளை எந்தப் பக்கம் எழுதுவது என்ற கேள்விக்கு வேங்கைமாறன் இதுவரை விடை சொல்லவில்லை. அவர் அரக்கோணத்திலிருந்து செட் வரவழைத்துத் தொடர்ந்து கூட்டம் நடத்தினார். தம் கருத்தில் ஓர் எழுத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. நானும் என் கருத்தில் மாற்றவில்லை. அந்த ஆடிக் கிருத்திகையன்று அவர் மாலை இரயிலைத் தவறவிடாமல் மணவூர் போய்ச் சேர்ந்தார்.

கொள்கைக்காக உயிரையும் தருவேன் என்று எங்கள் குழாயில் முழங்கிய அந்த மனிதர், ஒரு ஃபியூஸ் கட்டையை இன்றுவரை திருப்பித் தரவில்லை.